செம்பாட்டுக் கிணறும் வன்னிக் கற்பாறையும்

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் சில மாதம் தங்கி, பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பம் அது. ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே காட்டோரமாக அவர்களுக்கு அரை ஏக்கர் காணி கிடைத்திருந்தது. நாம் அங்கு போனபோது தகப்பனார் கிணற்றுக்குள் நின்றார். ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரர். தன் வாழ்நாளில் மூன்று கிணறு வெட்டிய கை. மூன்று கிழமையாகத் தோண்டி 22 அடிக்கு வந்திருந்தார். மண்ணும் சரளையும் முடிந்து கருங்கல் கண்டிருந்தது. அலவாங்கு போட்டால் தீப்பொறி பறந்தது. ஈரமில்லை.

“ஊரிலை கல்லுக்குள்ளை இறங்கினால்தான் தண்ணி. இஞ்சை கல்லைக் கண்ட உடனை தண்ணிக்கதை முடிஞ்சுது. ரெண்டும் கல்லுத்தானே தம்பியவை, ஏன் இப்பிடி?” என்று மேலே ஏறி வந்து கேட்டார்.

அன்று எம்மால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி எம்மோடு கூடவே வந்தது. அதற்குச் சரியான பதில் சொல்வதானால் 22 அடியில் நிற்க முடியாது. பூமியின் உட்பகுதிக்கே போகவேண்டும். காணியை விட்டு வேறு மண்ணில் குடியேறியவர்களுக்கும், பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பித் தூர்ந்த கிணற்றை இறைக்கத் தொடங்கியவர்களுக்கும் இந்த விடயம் வெறும் பாடப்புத்தக அறிவு அல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பூமிக்குள் என்ன இருக்கிறது?

நிலமட்டத்திலிருந்து பூமியின் மையம் ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளது. மனிதன் தோண்டியதோ மிகக் கொஞ்சம். ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் 1970இல் துளைக்கத் தொடங்கிய ஒரு துளை 1989இல் 12,262 மீற்றரை எட்டியது. பாறையின் வெப்பம் எதிர்பார்த்ததை விட மிகுந்துவிட்டதால் அதற்கப்பால் துளைக்க முடியவில்லை. அதாவது 12 கிலோமீற்றர் மட்டுமே. ஒரு மாம்பழத்தின் தோலைக்கூட அது தாண்டவில்லை.

அப்படியானால் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? பூமியதிர்ச்சிதான் சொல்லித் தந்தது. ஓரிடத்தில் நிலம் அதிரும்போது அந்த அதிர்வு பூமிக்குள்ளாகச் சென்று மறுபக்கத்தில் வெளிப்படுகிறது. கடினமான பொருளுள் ஒரு வேகம், மென்மையானதில் இன்னொரு வேகம். ஒருவகை அதிர்வு திரவத்தை ஊடுருவவே மாட்டாது. சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படியென்று சொல்கிறோமல்லவா, ஏறக்குறைய அதே முறைதான். இவ்வாறு கணித்தே வெளிப்புறத்தில் புவியோடு, அதன்கீழ் 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை மென்மூடி, அதற்குள் இரும்பாலான அகணி என்று பிரித்தார்கள். அகணியின் வெளிப்பகுதி உருகிய நிலையில் உள்ளது. அதன் உட்பகுதி திண்மமானது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி 1936இல் கண்டறிந்தார்.

நாம் உழுவதும் வெட்டுவதும் புவியோட்டின் மேற்பரப்பை மட்டுமே. கண்டங்களின் கீழே அது பொதுவாக 30 முதல் 40 கிலோமீற்றர் தடிப்பானது. ஆழ்கடலின் கீழே 7 கிலோமீற்றர் அளவுதான். புவியோடும் அதனோடு ஒட்டிய மென்மூடியின் மேற்பகுதியும் சேர்ந்து பெரிய பெரிய தகடுகளாக உடைந்து கிடக்கின்றன. இவற்றைப் புவித்தகடுகள் என்கிறோம். தகடுகளின் கீழேயுள்ள மென்மூடி பாறைதான். ஆனால் பெருவெப்பத்தினால் அது மிக மிக மெதுவாக, தார் இளகுவது போல, ஊர்ந்து அசைகிறது. தகடுகளும் அசைகின்றன. பழைய, குளிர்ந்த, பாரமான கடலடித் தகட்டின் விளிம்பு மென்மூடிக்குள் அமிழும்போது மீதித் தகட்டையும் இழுத்துச் செல்கிறது. கட்டிலின் ஓரத்தால் பாதி சரிந்த சேலை தன் பாரத்தினாலேயே மீதியையும் இழுத்துக்கொண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும்.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் அல்பிரட் வேகனர் என்ற ஜேர்மன் வானிலையாளர் சொன்னபோது பெரும்பாலான நிலவியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதையும், கடலால் பிரிந்த நாடுகளில் ஒரே வகைப் பழைய தாவரங்களின் சுவடுகள் கிடைப்பதையும் அவர் காட்டினார். எந்தச் சக்தி நகர்த்துகிறது என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் சரியான பதில் இருக்கவில்லை. 1930இல் கிறீன்லாந்தின் பனிவெளியில் அவர் இறந்தார். 1950களிலும் 1960களிலும் கடலடியை அளந்து வரைந்தபோதுதான், நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிய புவியோடு உருவாகி இருபுறமும் விலகிச் செல்வது தெரியவந்தது. ஹரி ஹெஸ் 1962இல் இதனை விளக்கி எழுதினார். இன்று செய்மதிகளைக் கொண்டு இந்த நகர்வை மில்லிமீற்றர் கணக்கில் அளக்கிறார்கள். ஒருவர் சொன்னது உண்மையென்று ஒப்புக்கொள்ளப்பட அவர் இறந்து முப்பது ஆண்டுகள் சென்றன. விஞ்ஞானத்திலும் அப்படித்தான் நடக்கிறது.

வன்னியின் கருங்கல் எங்கிருந்து வந்தது?

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றுள் சிலவற்றின் தொடக்கம் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னே போகிறது. (பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள்.) நிலவியலாளர் இப்பாறைகளை முக்கியமாக மூன்று தொகுதிகளாகப் பிரித்துள்ளனர். தென்மேற்கிலிருந்து மலைநாட்டினூடாகத் திருகோணமலைப் பக்கம் வரை செல்வது உயர்நிலத் தொகுதி. அதற்கு மேற்கும் வடமேற்கும் வன்னித் தொகுதி. கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பது விஜயன் தொகுதி.

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பல தகடுகள் ஒன்றோடொன்று மோதி ஒரு பெருங்கண்டம் உருவானது. அதற்குக் கொண்டுவானா என்று பெயர். இந்தியாவின் கோண்டு இன மக்களின் நாட்டுப் பெயரிலிருந்து வந்த பெயர் இது. இன்றைய இந்தியா, ஆபிரிக்கா, மடகஸ்கார், அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா, தென்னமெரிக்கா யாவும் அதில் சேர்ந்திருந்தன. எமது தீவு மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் பக்கத்தில் நசுங்குண்டு கிடந்தது. அந்த மோதலில் இங்குள்ள பாறைகள் 25, 30 கிலோமீற்றர் ஆழத்திற்கு அமுக்கப்பட்டு, 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தன. மாப்போல இளகி, மடிந்து, மறுபடி இறுகின. இன்று அவை எம் காலடியில் இருக்கின்றனவென்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீற்றர் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் வெயிலிலும் கரைந்து போய்விட்டது என்பதே பொருள்.

அந்த முதியவர் அலவாங்கால் குத்திய கல் இதுதான். பெருமலை ஒன்றின் அடிவேர். அமுக்கத்திலும் வெப்பத்திலும் அதன் நுண்துளைகளெல்லாம் அடைபட்டுப்போயின. நீர் தங்க அதற்குள் இடமில்லை. இதே வெப்பமும் அமுக்கமுந்தான் மலைநாட்டின் இரத்தினக் கற்களையும் போகலை, ககட்டகஹ சுரங்கங்களின் காரீயத்தையும் தந்தன. பாறை கரைந்து ஆறுகளால் அள்ளப்பட்ட பாரமான மணிகளே புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல். சிலருக்கு இரத்தினம் கிடைத்த இடத்தில் எமது கமக்காரருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்னர் கொண்டுவானா உடையத் தொடங்கியது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்காவும், 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகஸ்காரும் எம்மைவிட்டுப் பிரிந்தன. இந்தியாவும் இலங்கையும் ஒரே தகட்டில் வடக்கு நோக்கிப் புறப்பட்டன. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றர் வேகத்தில்கூடச் சென்றன. தகடுகளுக்கு அது ஓட்டம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியபோது இரண்டுக்கும் நடுவே கிடந்த கடலின் அடித்தளம் மடிந்து மேலெழுந்து இமயமானது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலுள்ள கல் சுண்ணக்கல். அதில் கடலுயிர்களின் சுவடுகள் இருக்கின்றன. மோதல் இன்னும் முடியவில்லை. எமது தகடு இன்றும் ஆண்டுக்கு 4, 5 சென்ரிமீற்றர் வீதம் நகர்கிறது. அறுபது வயது வாழ்ந்த ஒருவர், தன் வீட்டு முற்றத்தை விட்டு அசையாவிட்டாலும், பிறந்த இடத்திலிருந்து இரண்டரை, மூன்று மீற்றர் தள்ளியே கண்மூடுகிறார். நிலமும் இடம்பெயர்கிறது என்று இதனைச் சிலர் அழகாகச் சொல்வார்கள். எமது வாசகர்களின் முன் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்த எமக்கு மனமில்லை. நிலத்தை எவரும் துரத்துவதில்லை.

குடாநாட்டின் சுண்ணக்கல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு, மிக அண்மையது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், தீவின் வடமேற்கு விளிம்பு ஆழமற்ற இளஞ்சூட்டுக் கடலாக இருந்தது. சிப்பி, சங்கு, முருகை முதலியவற்றின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து சுண்ணக்கல்லாயின. பின்னர் நிலம் சிறிது உயர்ந்தும் கடல் சிறிது தாழ்ந்தும் அது வெளியே வந்தது. புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கமாக ஒரு கோடு இழுத்தால் அதற்கு வடமேற்கே சுண்ணக்கல், தென்கிழக்கே கருங்கல் என்று பொதுவாகச் சொல்லலாம். வலிகாமத்தில் கிணறு வெட்டியவர்கள் உடைத்த கல்லில் சிப்பியின் அச்சைப் பார்த்திருப்பார்கள்.

சுண்ணக்கல்லுக்கு ஒரு குணம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பட்ட இடத்தில் சுண்ணக்கல் கரைகிறது. காலப்போக்கில் கல்லுக்குள் வெடிப்புகள் வாய்க்கால்களாகின்றன, பொந்துகள் குகைகளாகின்றன. கரையாமல் எஞ்சிய இரும்பும் களியுமே செம்பாட்டு மண். ஆகவே பெய்த மழை நிலத்தின்மேல் ஓடாமல் கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. குடாநாட்டில் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் மாரியில் மட்டும். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், புத்தூர் நிலாவரைக் கிணறு மிக ஆழமாகக் கிடப்பதும் இந்த நிலத்தடி வாய்க்கால்களால்தான்.

யாழ்ப்பாணத்தில் தேங்காய் வைத்து நீர் பார்ப்பவர்கள் பிழைத்துப்போனதே இல்லையென்று பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கே தோண்டினாலும் நீர் வரும் நிலத்தில் எப்படிப் பிழைப்பது? அவர்களை வன்னிக்குக் கூட்டிவந்து பார்க்கவேண்டும்.

ஆனால் குடாநாட்டுத் தண்ணீருக்கும் ஒரு அடித்தளம் உண்டு, அது கடல்நீர். நன்னீர் உப்புநீரை விடச் சற்றுப் பாரம் குறைந்தது. அதனால் கல்லின் பொந்துகளுக்குள் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்திற்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கலாம் என்பது கணக்கு. இதன் மறுபக்கந்தான் கவனிக்க வேண்டியது. இறைத்து மேலேயுள்ள மட்டத்தை ஒரு அடி குறைத்தால் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறத் தொடங்கும். துலாவாலும் சூத்திரத்தாலும் இறைத்த காலத்தில் கிணறு தானே ஊறித் தேறியது. இயந்திரம் வந்தபின் ஒரு காலையில் கிணற்றை வற்றவைக்க முடிந்தது. நிலாவரையிலேயே மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உப்பு.

சுண்ணக்கல் நீரை வடிகட்டுவதுமில்லை. மணல் வடிகட்டும், வெடிப்புள்ள கல் அப்படியே வழிவிடும். வயலுக்கு அளவுக்கு மீறி இட்ட உரமும், மலசலகூடக் குழியின் கழிவும் விரைவில் கிணற்றுக்கு வந்துவிடும். வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகையாக இருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்டதே. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. மீளக் குடியேறி வீடு கட்டுபவர்கள் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளியாவது அமைக்கவேண்டும். சிறு காணித் துண்டுகளில் இது இலகுவல்ல என்பதை அறிவோம். அயலவர் இருவர் கூடிப் பேசி, இரு கிணறுகளையும் ஒரு பக்கமும் இரு குழிகளை மறுபக்கமுமாக வைத்துக்கொண்ட இடங்களும் உண்டு.

குளம் தாங்கும் நிலம்

இனி வன்னிக்கு வருவோம். நீரை உள்ளே விடாத கல், நீரை மேலே தாங்கி வைத்திருக்கும். கட்டுக்கரைக்குளமும் இரணைமடுவும் ஊருக்கொன்றாகக் கிடக்கும் சிறு குளங்களும் இங்கே உண்டாகக் காரணம் அதுவே. வலிகாமத்தில் அத்தகைய பெருங்குளம் கட்டினால் அடியால் ஒழுகிவிடும். அங்குள்ள சிறு குளங்களின் பயன், மாரிநீரைப் பிடித்துக் கிணறுகளுக்கு ஊட்டுவது. குளத்து நெல் இங்கே, கிணற்று வெங்காயம் அங்கே என்று எம் முன்னோர் பிரித்துக்கொண்டது வழக்கத்தினால் அல்ல, கல்லினால். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரினால் நிற்கும்வரை இரண்டையும் கலந்துதான் சீமெந்து செய்தது. சுண்ணக்கல் அவ்விடத்தது, களி முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது.

வன்னியில் நிலத்தடி நீர் இல்லையென்பதில்லை. அது இரண்டிடங்களில் இருக்கிறது. ஒன்று, கருங்கல்லின்மேல் கிடக்கும் உக்கிய பாறைப் படை. இது சில இடங்களில் பத்தடி, சில இடங்களில் நாற்பதடி. மற்றது, கல்லில் உள்ள வெடிப்புகள். ஆகவே இங்கே கிணற்றுக்கு இடம் தேடுவது ஊரில் தேடுவது போன்றதல்ல. மேட்டுக்காணியின் நடுவே வசதியான இடத்தைப் பார்க்கக்கூடாது, பள்ளம் பார்க்கவேண்டும். குளக்கட்டின் கீழ்ப்புறம், பழைய நீரோடையின் ஓரம், மருதமரங்கள் வரிசையாக நிற்கும் தாழ்நிலம் ஆகியவை நல்ல இடங்கள். அயல் கிணறுகளை மாரியில் பார்த்து ஏமாறக்கூடாது. ஆவணி, புரட்டாதியில் பார்த்து, அப்போதும் நீர் நிற்கும் கிணற்றின் திசையை அறியவேண்டும். அந்தந்த ஊரில் தலைமுறையாக இருப்பவர்களுக்கு இது தெரியும். வந்து குடியேறியவர்கள் கேட்கக் கூச்சப்படுவதால்தான் பல வீண் குழிகள் வெட்டப்பட்டன என்பது எமது அனுபவம்.

கிணற்றின் அகலமும் முக்கியம். வலிகாமக் கிணறு நீரை உடனுக்குடன் தரும். வன்னிக் கிணறு இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைக்கும். எனவே அதை ஒரு தொட்டி போல எண்ணி 15, 20 அடி விட்டத்தில் அகலமாக வெட்டுகிறார்கள். அகலமாக வெட்டினாலும் ஊறும் அளவு கூடிவிடாது. ஆகையால் எத்தனை கன்றுக்கு நீர் போதும் என்பதை முதற் சிறுபோகத்திலேயே அளந்து பார்ப்பது நல்லது. ஊரில் ஆயிரம் கன்று மிளகாய் வைத்தவர் இங்கும் ஆயிரம் வைத்தால் வைகாசியில் அழவேண்டிவரும். மண்ணும் அப்படியே. செம்பாடு மழை விட்ட மறுநாளே கொத்தலாம். வன்னியின் மேட்டுச் செம்மண் காய்ந்தால் இறுகிக் கல்லாகும், நனைந்தால் ஒட்டும். உழக்கூடிய பதம் சில நாட்களே.

குழாய்க்கிணறு பற்றியும் ஒரு வார்த்தை. கருங்கல்லின் கனிமங்கள் சிலவற்றில் புளோரைட்டு உண்டு. ஆழ்வெடிப்புகளில் நீண்டகாலம் தங்கிய நீரில் அது கரைந்து சேர்கிறது. வவுனியா, அனுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளில் பிள்ளைகளின் பற்கள் மண்ணிறமாவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்துள்ளது. கொதிக்க வைப்பதால் புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகி அடர்த்தி கூடத்தான் செய்யும். நாவுக்குச் சுவையில் தெரியாத பொருள் ஆகையால் புதிய குழாய்க்கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. ஆழமில்லாத வெட்டுக்கிணற்று நீரில் இது பொதுவாகக் குறைவு. கூரையிலிருந்து பிடித்த மழைநீரில் இல்லை.

திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்து அங்கே எரிமலை உண்டோ என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கூடுகிறது. கல்வெடிப்பு வழியே ஆழத்திற்கு இறங்கிய மழைநீர் சூடேறி வேறு வெடிப்பால் மேலே வருகிறது. மகாஓயாவிலும் அத்தகைய ஊற்றுகள் உள்ளன.

கடல் கொண்டுவந்தது

எமது தீவு தகட்டின் நடுப்பகுதியில் இருப்பதால் இங்கே சிறு அதிர்வுகளே பதிவாகின்றன. தகட்டின் விளிம்பு கிழக்கே சுமாத்திராவுக்கு அருகில் உள்ளது. அங்கே எமது தகடு அயல் தகட்டின் கீழ்ச் சரிந்து இறங்குகிறது. இறங்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நூற்றாண்டுக் கணக்கில் மேல்தகட்டின் விளிம்பு வளைந்து வளைந்து இழுபடும். 2004 டிசெம்பர் 26 அன்று, எமது நேரப்படி காலை 6.58க்கு, அந்தச் சிக்கு அறுந்தது. 1,200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளத்திற்குத் தகடு வழுக்கியது. அளவு 9.1. கடலடி மீற்றர் கணக்கில் மேலெழுந்து முழுக்கடலையும் தூக்கிவிட்டது. ஆழ்கடலில் ஒரு மீற்றர் உயரமும் இல்லாத அந்த அலை, விமானத்தின் வேகத்தில் வந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எமது கிழக்குக் கரையை அடைந்தது. கரையில் ஆழம் குறையக் குறைய உயர்ந்தது. இலங்கையில் மாத்திரம் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு ஆகியவற்றின் நிலையை இங்கு யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. போரால் உள்ளே இருந்து கரைக்குப் போனவர்கள் மீண்டும் கரையிலிருந்து உள்ளே வந்தார்கள்.

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். சுனாமிக்கு முன் கடல் கட்டாயம் உள்வாங்கும் என்று பலர் நம்புகின்றனர். சுமாத்திராவுக்குக் கிழக்கே தாய்லாந்தில் முதலில் உள்வாங்கியது உண்மை. மேற்கே இருந்த எமக்கு முதலில் வந்ததே உயர்ந்த நீர். பல இடங்களில் முதல் அலைக்குப் பின்னர்தான் கடல் உள்வாங்கியது. அதைப் பார்க்கப் போனவர்களை அடுத்த பெரிய அலை அள்ளியது. எனவே அடையாளத்திற்காகக் காத்திருக்கக்கூடாது. முதல் அலை போனபின்னும் பல மணிநேரம் கரைக்குத் திரும்பக்கூடாது.

2012 ஏப்ரல் 11 அன்று அதே பக்கத்தில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்து கரையோர மக்கள் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. பொய் எச்சரிக்கை என்று பின்னர் சலித்துக்கொண்டவர்களும் உண்டு. பொய் அல்ல. அன்று தகட்டுத் துண்டுகள் பக்கவாட்டாக வழுக்கின; கடலடி மேலே எழவில்லை, ஆகவே நீரும் தூக்கப்படவில்லை. எப்படி வழுக்கியது என்பதை அறியச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஓடுவதற்குப் பயன்படுத்துவதே புத்தி. 2004இல் எமக்கு எந்த எச்சரிக்கையும் இருக்கவில்லை. இந்துசமுத்திர நாடுகளுக்கான எச்சரிக்கை ஏற்பாடு அதன் பின்னர்தான் அமைக்கப்பட்டது.

அலை வடிந்தபின் கிழக்குக் கரையின் மணற்கிணறுகள் யாவும் உப்பாகிக் கிடந்தன. அது மூன்றாவது வகை நிலம். அங்கே நன்னீர் மணலுக்குள், கடல்நீரின்மேல், மெல்லிய படையாக மிதக்கிறது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு இயந்திரம் வைத்துக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். முதலில் சேற்றையும் அழுக்கையும் அகற்ற ஒருமுறை இறைத்தது சரி. அதற்கு மேல் இறைத்தபோது எஞ்சிய நன்னீர்ப் படையும் போய், கீழிருந்த உப்பு மேலேறியது. இறைக்காமல் விட்டு, குடிநீரை வெளியிலிருந்து கொண்டுவந்து காத்திருந்தவர்களின் கிணறுகளை அடுத்தடுத்து வந்த மாரிமழைகளே கழுவித் தந்தன.

ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே நாம் சந்தித்த முதியவர் அந்த 22 அடிக் குழியைக் கைவிட்டார். அயலில் இருந்த பழைய வன்னிவாசி ஒருவர் காட்டிய இடத்தில், குளத்தின் கீழ்ப்புறமாக, மறுபடி வெட்டினார். உக்கிய கல்லில் 14 அடியில் ஈரம் கண்டது; 19 அடியில் கருங்கல் வந்ததும் நிறுத்திவிட்டு அகலப்படுத்தினார். அந்த ஆண்டு புரட்டாதியில் இரண்டடி நீர் நின்றது. நூற்றைம்பது கன்று கத்தரிக்கு அது போதுமாயிருந்தது. முதற் குழியை அவர் மூடவில்லை. மாரியில் நிரம்பும் நீரை மாடுகளுக்கு விட்டார்.